கல் தவளைக்கு அடியில் சாவி

"அந்தத் தவளையைக் கீழே வைங்க! இப்பவே வைங்க!"

தோட்டத்துக் கல் தவளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ஹிலரி அப்படியே நின்றாள். அதன் அடியில் இருந்த சாவியை எடுக்கக் குனிந்த அவள் கணவர் ரோலண்ட், முதுகு மூட்டையின் கனத்தில் நிமிர முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டார்.

வேலிக்கு மேலே ஒரு நரைத்த தலை. பக்கத்து வீட்டு மிஸஸ் ஓல்ட்ராய்ட். கையில் செடி வெட்டும் கத்தரி.

"நைஜல் குடும்பத்தோட லீவுக்குப் போயிருக்கான். அது தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?"

"தெரியும்ங்க," என்றாள் ஹிலரி. "நைஜல் என் அக்கா மகன். நாங்க மூட்டையை மாட்டிக்கிட்டு இங்கிலாந்தைச் சுத்தக் கிளம்பியிருக்கோம். சொந்தக்காரங்க, சிநேகிதங்க வீட்டுல தங்கித் தங்கிப் போறோம்."

"இந்த வயசுலயா?"

"அறுபத்தி மூணுதான்," என்றார் ரோலண்ட், குனிந்தபடியே.

ஹிலரிக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் திருடி என்றே முடிவாகிவிடும். மழை வேறு தூற ஆரம்பித்தது. குதிகால் இரண்டிலும் கொப்புளம். ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதி. ஸ்கிப்டன் ஊரில் ஒரு விடுதியிலும் அறை இல்லை. இந்தக் கதவு திறக்காவிட்டால் இன்றைக்குப் படுக்கை பஸ் நிறுத்தத்து பெஞ்சில்தான்.

"மழையில நிக்காதீங்க, உள்ளே வாங்க," என்றாள் மிஸஸ் ஓல்ட்ராய்ட். "நான் போலீசைக் கூப்பிடப் போறேன். அவங்க வர்ற வரைக்கும் டீ குடிக்கிறீங்களா?"

"எனக்கு சர்க்கரை வேண்டாம்."

"எனக்கு ரெண்டு ஸ்பூன்," என்றார் ரோலண்ட்.

டீயோடு பிஸ்கட்டும் வந்தது. ரோலண்ட் நாலாவதை எடுத்ததும் மிஸஸ் ஓல்ட்ராய்ட் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"சொந்தக்காரங்கன்னு எப்படி நம்புறது?"

ஹிலரி பையிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை எடுத்து நீட்டினாள். "பாருங்க, நைஜல் கையெழுத்து. 'எங்க பக்கம் வந்தா கட்டாயம் வந்து தங்கணும், சாவி தவளைக்கு அடியில இருக்கும்'னு எழுதியிருக்கான்."

"அட கண்ணு, அதெல்லாம் நிஜமா? நானும் வருஷா வருஷம் நாப்பது பேருக்கு அப்படித்தான் எழுதுறேன். அதைப் படிச்சிட்டு மூட்டையோட எவனாவது வந்து நிப்பானா?"

"நாங்க நின்னோமே! பிரிஸ்டல்ல இவர் தங்கச்சி வீட்டுல அஞ்சு நாள். ஷ்ரூஸ்பரியில சிநேகிதர் வீட்டுல நாலு நாள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை."

"சரி, நைஜல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். முடிஞ்சது கதை."

"ஐயோ, வேண்டாம்!" இருவரும் ஒரே குரலில் பதறினார்கள்.

மிஸஸ் ஓல்ட்ராய்டின் புருவம் ஏறியது. "ஏன் வேண்டாம்?"

"அவன் மனசு கஷ்டப்படும்."

"வீட்டைத் திருட்டுக் கொடுத்தா மனசு கஷ்டப்படத்தான் செய்யும்!"

ரோலண்டுக்குப் புரையேறியது. ஹிலரி அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டாவது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த துண்டுத்தாளின் பக்கம் போனாள். "அவசரம்னா கூப்பிடுங்கன்னு கார்ன்வால் நம்பரைக் கொடுத்துட்டுப் போயிருக்கான். கடலோரத்துல யாரோ சொந்தக்காரங்க வீடாம். ரொம்பத் தங்கமானவங்களாம். வருஷா வருஷம் மொத்தக் குடும்பமும் போய் இறங்குவாங்களாம், ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லையாம்."

போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். "நாலு... ஏழு... ரெண்டு... அடுத்து என்ன இது, எட்டா, மூணா?"

"எட்டு," என்றாள் ஹிலரி சோர்வாக. "அப்புறம் ஆறு, ஒண்ணு."

மிஸஸ் ஓல்ட்ராய்ட் மெதுவாகத் திரும்பினாள். "இந்த நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டு நம்பர்ங்க அது. இந்த வருஷம் பதினேழு பேர் வந்து இறங்கிட்டாங்க. இவர் தங்கச்சி, ஷ்ரூஸ்பரிக்காரங்க எல்லாரும் அங்கதான். இடமில்லைன்னு சொல்ல எங்களுக்கு நாக்கு வரலை. எங்க கட்டில்ல நைஜல் படுத்திருக்கான். அவன் கட்டில் இங்க காலியாத்தானே இருக்கும்னு வந்தோம்."