பச்சை வரட்டும்

"அந்தக் கட்டை அவிழ்த்துவிடு, வாஸ்வா! சோதனை முடியறவரைக்கும் காத்திருக்க நேரமில்ல."

நமுகாசா மேடம் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தினாள். கம்பாலாவில் எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிகளுக்குக் காட்டும் மென்பொருள் அவர்கள் ஆபீஸுடையது. காலையில் அது படுத்துவிட்டது. வாஸ்வா திருத்தம் எழுதிவிட்டான். ஆனால் அங்கே வேலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஓடும். முதலில் எழுதியதை ஓடும் நிரலாக்கும் பில்ட், அடுத்து சோதனை. சோதனை பச்சை காட்டினால்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வேலை தானாகத் தொடங்கும். அந்தக் கட்டைத்தான் மேடம் அவிழ்க்கச் சொன்னாள்.

"பச்சை வரட்டும், மேடம்."

"பெரியாஸ்பத்திரியில பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலையாம். ஒவ்வொரு வங்கியா போன் போட்டு அலையறாங்க. நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க!"

"தப்பான ரத்தத்தைக் காட்டிட்டா?"

"நீ எழுதினதுல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இல்ல. அவசரத்துல எழுதினது."

திரையில் சிவப்பு விழுந்தது. அவனுடைய திருத்தம் நெகட்டிவையும் பாசிட்டிவையும் ஒன்றாகவே எண்ணியிருந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள். வாஸ்வா ஒரு வரியை மாற்றி, மறுபடி ஓடவிட்டான்.

"திரும்ப முதல்லேருந்தா?"

"முதல்லேருந்துதான்."

"தப்பைத்தான் கண்டுபிடிச்சாச்சே! இப்பவாவது அனுப்பு. பொறுப்பை நான் ஏத்துக்கறேன்."

அவன் கை மவுஸ் வரை போய் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"மனுஷனாடா நீ?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பச்சை வந்தது. அனுப்பும் வேலை தானாகக் கிளம்பியது. வாஸ்வா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முகம் கழுவப் போனான்.

சற்று நேரத்தில் மேடத்தின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ரத்தம் இருக்கிற இடம் தெரிஞ்சுடுச்சு, மேடம். பைக்ல வந்துக்கிட்டிருக்கு."

"அந்தப் பொண்ணு தாங்குவாளா?"

"தாங்குவாங்கன்னுதான் டாக்டர் சொல்றார். ஒரு உதவி பண்ணுங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிடுங்க. அப்பவே அவருக்குத் தகவல் சொன்னோம். 'நான் இங்க இருந்தாத்தான் அவளுக்கு ரத்தம் வரும்'னு சொல்லிட்டு வச்சவர், அப்புறம் போனையே எடுக்கல. உங்க ஆபீஸ்தானாம். பேரு வாஸ்வா."