கெண்டைக்கால் வலி

“இங்க வலிக்குதாக்கா?” கெண்டைக்காலை அழுத்தியபடி கேட்டாள் பிசியோதெரபி பெண்.

“உயிர் போகுதும்மா. லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சோ?” என்றாள் தையல்காரி.

“அது ஒரு மணி நேரத்துல தானா போயிடும்கா. இது அளவுக்கு மீறி படி ஏறுறதால வர்ற தசை வலி. லிஃப்ட்ல போகக் கூடாதா?”

“அது எப்பவும் மக்கர் பண்ணுதும்மா.”

“அப்போ கொஞ்ச நாள் வெளிய அலையாம ஓய்வெடுங்க. சரியாயிடும். இனி இங்க வர வேண்டியதில்லை.”

தையல்காரியின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பெண் இவளுடைய பாதத்தைத் தன் மடியில் வைத்து, துண்டால் எண்ணெயை ஒற்றியெடுக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தாள்.

குடியிருப்புக்குத் திரும்பியதும் நொண்டிக்கொண்டே மாடிப்படிக்குப் போனாள். வாட்ச்மேன் பதறி ஓடிவந்தான்.

“அம்மா, லிஃப்ட்தான் நல்லா ஓடுதே! உங்க வீடும் கீழ்த்தளத்துலதான் இருக்கு. இந்தக் காலோட தினமும் எதுக்கு மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்குறீங்க?”

“சும்மாதான்ப்பா.”

கணவர் போன பிறகு அவளைத் தொட்ட கைகள் அந்தப் பெண்ணுடையவை மட்டும்தான். வலி போய்விட்டால், என்ன சொல்லிக்கொண்டு அங்கே போவது?

கைப்பிடியை இறுகப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.