எதிர்வீட்டு மாடி

இன்றைக்கும் உடையப்பன் எதிர்வீட்டு மாடிக்குத்தான் போனார். மணிமேகலைக்கு வயிறு பற்றி எரிந்தது.

இங்கே கட்டிய பெண்டாட்டி தலைவாழை இலை போட்டு, சுடச்சுடச் சோறும் பருப்பும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். தாடிக்கொம்பு ரோட்டு வண்டிக்காரனிடம் சண்டை போட்டுப் பொறுக்கி வாங்கிய பிஞ்சுக் கத்தரிக்காய். அங்கே அந்தப் புவனேஸ்வரி கைப்பிடிச் சுவரில் அள்ளிப் போட்ட மிச்சச் சோற்றை மனுஷன் ரசித்துத் தின்கிறார். அடுக்குமா இது?

"என்னங்க, இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள். 'கா, கா' என்று பதில் வந்ததே தவிர, ஆள் வரவில்லை.

ஆமாம், காக்காதான். உடையப்பன் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. காரியத்தன்று அந்தக் காக்கா இடது காலை இழுத்து இழுத்து வந்து, ஜன்னலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய அதே நடை. காபி கேட்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. அந்த அழுகையிலும் அவள் மனசு ஒரு நிமிஷம் குளிர்ந்துபோனது.

ஆனால் வந்தவர் ஒரு வாய் கொத்திவிட்டு நேரே எதிர்வீட்டுக்குப் பறந்தார். அன்றிலிருந்து தினம் இதே கூத்து.

சமையலில் என்ன குறை? அவர் நோயாளியாக இருந்த மூன்று வருஷமும், கிட்னி டாக்டர் சொன்ன பக்குவத்தில் பார்த்துப் பார்த்து ஆக்கிப் போட்ட அதே கைதானே இது. அவருக்கு என்னவோ அதுதான் எனக்கும் என்று அவளும் அதையே சாப்பிட்டாள். இன்றுவரை எதையும் மாற்றவில்லை. எந்தப் பெண்டாட்டி இப்படிச் செய்வாள்?

யோசிக்க யோசிக்கப் பழசெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. சாயங்காலமானால், "புவனா வீட்ல பேப்பர் பாத்துட்டு வாரேன்" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. புவனேஸ்வரியோ தனி ஆள், வாசலில் தையல் மெஷினும் வாயில் சிரிப்புமாக இருப்பவள். பேப்பரில் அப்படி என்னத்தைப் படித்தார் தினமும்?

இதற்கு மேல் பொறுக்க முடியாது. ஆள் போன பிறகும் இவளுக்குப் பங்கு வேண்டுமா? இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு மணிமேகலை தெருவைக் கடந்தாள்.

"ஏண்டி புவனா, இந்த எலையில இல்லாதது உஞ்சோத்துல என்னடி இருக்கு? என் வீட்டுக்காரர என்ன வச்சு மயக்குன?"

புவனேஸ்வரி மெஷினை நிறுத்தினாள். "அந்தக் காக்காவச் சொல்றீங்களாக்கா?"

"காக்கான்னு சொல்லாத. அவரு என் புருசன்! உசுரோட இருக்கயிலயும் தெனம் இங்கதான வந்தாரு? பேப்பர் பாக்கவா வந்தாரு? எங்கண்ணப் பாத்துச் சொல்லு."

புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "பேப்பர் பாக்க வரலக்கா."

மணிமேகலை இலையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல. ஒங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு."

"அண்ணனாம் அண்ணன்!" மணிமேகலை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "இத்தன வருசம் குடும்பம் நடத்துனேனே. அந்த மனுசனுக்கு நான் என்னடி கொற வச்சேன்?"

புவனேஸ்வரி குனிந்து, இலையிலிருந்து கொஞ்சம் சோற்றோடு கத்தரிக்காயைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்று முழுங்குவதற்குள் அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

"நாக்குல தொட்டுக்க ஒரு துண்டு ஊறுகாய்க்குத்தாங்க்கா அண்ணன் இங்க வந்தாரு. செத்தப்பறமாச்சும் அவருக்கு உப்புப் போட்டு ஆக்குங்க!"