சோறு போடுகிறவர்

“தினமும் சோறு போடறவங்கதான் நாய்க்கு ஓனர். லைசென்சுக்கு அவங்கதான் வரிசையில நிக்கணும். யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்,” என்றாள் நகராட்சி கவுண்டரில் இருந்த லோயிஸ்.

“சரிங்க மேடம்,” என்றான் எதிர்க்கடை மெக்கானிக் கரீமுல்லா. அவன் பிடித்திருந்த நாய் கவுண்டருக்குக் கீழே மறைந்திருந்தது.

“ரேபிஸ் ஊசி போட்டாச்சா?”

“ஆங், நான்தான் அரக்கோணம் இட்டுகினு போயி போட்டேங்க.”

“அப்ப ஓனர் நீங்கதானே?”

“இல்லீங்க. மத்தியானம் ஆனா உங்க ஜன்னலாண்டதான் நிக்குது. தினமும் தயிர் சாதம் போடறது நீங்கதானே?”

‘தயிர் சாதம்’ என்றதும் நாய் கவுண்டர்மேல் முன்னங்கால்களைப் போட்டு எட்டிப் பார்த்தது.

“கறுப்பா, நீயாடா?”

லோயிஸ் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள்.