லண்டனுக்கு எவ்வளவு நேரம்?

கனடாவின் ஸ்காபரோவில் விமான டிக்கெட் விற்கும் எமல்டாவுக்கு, அன்று வந்த ஒரே ஆள் ஜசிந்தாதான். இவளையும் வெறுங்கையோடு விட்டுவிடக்கூடாதென்று பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“பாரிஸிலயிருந்து லண்டனுக்கு பிளேனில எவ்வளவு நேரம், தங்கச்சி?”

“ஒரு மணித்தியாலம், அக்கா. முந்நூற்றைம்பது கிலோமீற்றர்தானே.”

“ஐயோ, கிட்ட! சூரிச்சிலயிருந்து?”

“ஒண்டே முக்கால்.”

“ஒஸ்லோவிலயிருந்து?”

“ரெண்டுக்கு மேல. ஆர் அக்கா பறக்கினம்?”

“ஒருத்தரும் பறக்கக் கூடாது! மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை மூண்டு பேர் சரிவந்திருக்கினம். ஆற்ற தாய் தூரத்தில இருக்கிறா எண்டுதான் பாக்கிறன்.”

எமல்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்ர மோனும் லண்டனிலதான், அக்கா. இன்னும் கலியாணம் முடிக்கேல்லை. நான் இங்க. ஏழு மணித்தியாலம்!”

ஜசிந்தாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

“உமக்கு டிக்கெட் சும்மா கிடைக்குமெல்லே?”