பேசத் தெரிந்தவர்

"நான் உங்க பொண்ணுகிட்ட கேட்டேன் சார்," என்றார் அந்த மனநல நிபுணர்.

உட்கார்ந்ததிலிருந்து இது மூன்றாவது முறை.

கேள்வி என்னவோ மகளிடம்தான் போகிறது. பதில் என் வாயிலிருந்து வந்து விழுகிறது. நான் என்ன செய்வேன்? ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளன். நாற்காலி வாங்க வருகிறவரைக் கட்டிலோடு அனுப்பிவைப்பவன். பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், வேதியியல். அவளுக்கு ஆஸ்பெர்கர்ஸ், ஆட்டிசத்தில் ஒரு வகை. படிப்பில் புலி. மனிதர்களோடு பழகுவதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. ஒரு மாதமாக லேபுக்குப் போகமாட்டேன் என்கிறாள். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் வீண்.

நிபுணரைத் தேடி அலைந்த கதை தனிக்கதை. முதலில் பார்த்தவர் சின்னக் குழந்தைகளுக்கானவர். கல்லூரியில் படிக்கிற பெண்ணிடம் யானைப் படத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொன்னார். "இந்த யானைக்கு முழங்கால் தப்பா மடங்குது," என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தவர், "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்," என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டாள் மகள்.

கல்லூரி மாணவர்களுக்கென்றே இருக்கிற இந்த நிபுணரை அவளேதான் கண்டுபிடித்தாள். கடையில் மட்டும் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"நீங்க சொல்லுங்க. லேபுக்கு ஏன் போகலை?" நிபுணர் அவளைத்தான் பார்த்தார்.

மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

"வாடைதான் மேடம். அந்த ஆசிட் வாடை அவளுக்கு ஒத்துக்காது," என்றேன்.

"அந்த வாடை எனக்குப் பிடிக்கும்," என்றாள் மகள். "அப்பா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நிபுணராவது 'அப்பாவும் இருக்கட்டுமே' என்பார் என்று பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவையே திறந்துவிட்டார்.

வெளியே வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் புலம்பினேன்.

"பெத்த அப்பனை வெளியே போங்கறா. நீ ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதேம்மா. அடுத்தவங்க மனசு அவளுக்குப் புரியாது. அதுதான் பிரச்சினையே. நாமதான் ஊருக்கு எடுத்துச் சொல்லணும். செமஸ்டர் ஆரம்பத்துல அவ கிளாஸுக்கே போனேன். 'இவ இப்படித்தான், எடுத்தெறிஞ்சு பேசுவா, நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும்'னு எல்லார் முன்னாடியும் பேசினேன் பாரு, ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிச்சு!"

"அப்படியா சார்," என்றாள் அவள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிளாஸே அமைதியாயிடுச்சு. கை தட்டாத குறை."

"அப்படியா சார்."

"அது இருக்கட்டும், நீ உக்காந்திருக்கிற நாற்காலி முதுகுக்கு ஆகாதும்மா. எங்க கடையில ஒண்ணு வந்திருக்கு..."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

உள்ளே போய் உட்கார்ந்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துப் பேசினாள். சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு என்று கேட்கும்போதே தெரிந்தது.

"அப்பா, எனக்காக நீங்க லீவு போட்டு வந்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. கிளாஸ்ல வந்து பேசினது பிடிக்கலை. லேப்ல என்கூட சேர்ந்து செய்யறவ முன்னாடியெல்லாம் சண்டை போடுவா. நான் 'நீ பண்றது தப்பு'ன்னா, 'போடி, நீதான் தப்பு'ம்பா. ரெண்டு பேரும் திரும்பச் செஞ்சு பார்ப்போம். அது நல்லா இருந்தது. இப்ப நான் என்ன சொன்னாலும் 'சரி சரி'ங்கறா. தப்பாச் சொன்னாக்கூட 'சரி'ங்கறா. எல்லாரும் என்கிட்ட நிறுத்தி நிறுத்தி, சத்தமாப் பேசறாங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது."

எனக்கும் கேட்டது.

சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இனிமே காலேஜுக்கு வரமாட்டேன்மா," என்றேன்.

"வரலாம். கேட் வரைக்கும்," என்றாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"மேடம், இதை அவ வீட்டுலயே சொல்லியிருக்கலாமே. மனசுல பட்டதைப் பட்டுனு போட்டு உடைக்கிற பொண்ணு. என் சமையலைப் பத்தி, என் வழுக்கையைப் பத்தியெல்லாம் என்கிட்டயே நேரா சொல்றவதானே? இதைச் சொல்ல எதுக்கு ஒரு நிபுணர்?"

"நீங்க வெளியே இருந்தப்ப நானும் இதையேதான் கேட்டேன் சார்," என்றார் அவர். "'அன்னைக்கு கிளாஸ்ல பேசிட்டு அப்பா ரொம்ப சந்தோஷமா வீட்டுக்கு வந்தார். அவருக்கு வலிக்காம இதைச் சொல்லணும், அதுக்குத்தான் ஆள் தேடினேன்'னாங்க."