எல்லை தாண்டிய புடவை

“தனக்கொடி! உன் புடவை இன்னிக்கும் என் எல்லைக்குள்ள வந்துடுச்சு!”

எமீல் முசியே போட்ட சத்தம் நெல்லித்தோப்பில் அந்தத் தெருக்கோடி வரை கேட்டது.

தனக்கொடி அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக மாடிக்கு ஓடினாள். அவள் மாடிக்கும் அவர் மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பிரான்ஸ் என்று தெருவில் கேலி பேசுவார்கள். எமீல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்; அதனால் தெருவுக்கே அவர் ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா. அவர் மாடியில் எட்டடி அகலத்துக்கு ஒரு டிஷ் வானத்தைப் பார்த்து நிற்கும். மாதக் கட்டணம் கிடையாது, கேபிள்காரன் தயவும் வேண்டாம். பிரான்ஸ் சேனல் கடல் தாண்டி, எல்லை தாண்டி, ஓசியிலேயே வந்து இறங்கும்.

மூன்று நாளாகத்தான் இறங்கவில்லை. இதோ, தனக்கொடியின் ஈரப் புடவை இன்றும் அந்த டிஷ்ஷின் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தது.

“நாலு கிளிப்பு போட்டுத்தான் காயவெச்சேன் முசியே. எப்படி அங்க வரும்?”

“பின்ன என்னா, பேயா தூக்கிக்கினு வந்துச்சு? பாவம் என் பொண்டாட்டி, பகல்ல ரெண்டு மணி நேரம் டிவி பாக்குறதுதான் அவளுக்கு ஆறுதல். அதையும் கெடுக்கிறியே!”

கடைசி வார்த்தைகளை அவர் கீழே தன் வீட்டு ஜன்னல் பக்கம் குனிந்து இன்னும் சத்தமாகச் சொன்னார்.

தனக்கொடிக்குச் சுருக்கென்றது. அவர் மனைவி அஞ்செலம்மா நெஞ்சு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரே மகன் ஃபாபிரிஸ் பாரீஸுக்குப் பக்கத்து ஊரில் பஸ் ஓட்டுகிறான். அவன் இருக்கிற நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனையே பார்த்த மாதிரி இருக்கும் அந்தம்மாவுக்கு. அதைக் கெடுத்த பாவம் தனக்கா?

செய்யாத தப்பைத் தலையில் வாங்கிக்கொள்கிறவள் இல்லை தனக்கொடி. ரேஷன் கடையில் வரிசை தாண்டினாள் என்று சொன்ன ஆளை, மறுநாள் அதே வரிசையில் மன்னிப்புக் கேட்க வைத்தவள்.

“நாளைக்கு இருக்குது சேதி” என்று கறுவிக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் புடவையை உலர்த்தினாள். நாலுக்கு ஆறு கிளிப்பாகப் போட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்துப் படியில் முனகல் கேட்டது. எமீல்தான். முட்டி வலிக்காரர், படிக்கு ஒரு ‘மாதாவே’ போட்டு ஏறி வந்தார். சுவர் தாண்டிக் கை நீட்டி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புடவையை இழுத்து டிஷ்ஷின் மேல் போர்த்தினார். பிறகு கத்துவதற்காக மூச்சை நன்றாக இழுத்தார்.

“முசியே!”

இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

“நீங்களே பண்ணிட்டு என்னைத் திட்டுறீங்களா? வாங்க, அஞ்செலம்மாகிட்டயே கேட்டுடறேன்!”

“ஐயோ, சத்தம் போடாதம்மா. அவளுக்குக் கேட்டுடும்.” எமீல் சுவரில் உட்கார்ந்துவிட்டார். “ஃபாபிரிஸ் இருக்குற ஊருல கலவரம். பஸ்ஸெல்லாம் கொளுத்துறானுங்க. டிவியப் போட்டா அதான் ஓடுது. ‘நல்லாருக்கேன்’னு தெனம் போன் பண்றான். ஆனா அவன் ஓட்டுறதும் பஸ்ஸுதானே? இவ நெஞ்சு தாங்குமா?”

தனக்கொடி தொட்டியை விட்டுச் சுவர் அருகே வந்தாள்.

“அதுக்கு என் புடவைதான் கெடச்சுதா?” என்றாள்.

“நான் கெடுத்தா கண்டுபிடிச்சுடுவா. நாப்பது வருசமாக் கூட இருக்குறவ. உன்னைத் திட்டுனாத்தான் நம்புவா. மன்னிச்சுக்கம்மா.”

ராணுவத்தில் துப்பாக்கி பிடித்த அந்த மனிதர், கழற்றிய ஆறு கிளிப்பையும் எண்ணி அவளிடம் நீட்டினார். அதைப் பார்த்ததும் தனக்கொடியின் கோபம் போன இடம் தெரியவில்லை. சுவரைத் தாண்டிப் போனாள். புடவையின் ஒரு முனையைப் பிடித்து, இடுக்கு இல்லாமல் டிஷ் முழுக்க விரித்துவிட்டாள்.

“ம், திட்டுங்க முசியே. நேரமாவுது.”

மத்தியானம் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அஞ்செலம்மாவைப் பார்க்கப் போனாள். டிவியில் படம் இல்லை, வெறும் நீலத் திரை.

“ஏன் தனக்கொடி, உண்மையிலேயே உன் புடவையாலதான் டிவி வரலியா?”

தனக்கொடி ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாகச் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டாள்.

“ஆமாங்கம்மா. என் தப்புதான். கிளிப்பு போட மறந்துட்டேன்.”

அஞ்செலம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நீயும் அவருகூடச் சேந்துட்டியா?”

“அம்மா...”

“கலவரம் ஆரம்பிச்ச மொத நாளு, அவரு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தப்பவே நான் எல்லாத்தையும் டிவில பாத்துட்டேன். தெரியாத மாதிரியே இருக்கேன். இப்ப மவனுக்காக மட்டும் பயந்துக்கினு இருக்காரு. எனக்கும் தெரியும்னா, எனக்காகவும் சேத்துப் பயப்படுவாரு.”

மாடிப்படியில் ‘மாதாவே’ என்று முனகல் கேட்டது. அஞ்செலம்மா குரலைத் தாழ்த்தினார்.

“முட்டி தேஞ்ச மனுசன், எனக்காகத் தெனம் இருவது படி ஏறி எறங்குறாரு. நாளைலேர்ந்து நீயே உன் புடவைய அதுமேல காயப்போட்டுடு, தனக்கொடி.”